பாறை மறைந்த நீரில் ஓடும் படகுக்குச் சுழல்விசிறி

நெசவுக்கும் காப்பித் தோட்டத்துக்கும் உரிய இப்பக்கங்களில் படகுப் பொறியைப் பற்றிய பாடம் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். ஏற்காட்டு ஏரியில் மிதிபடகையும் துடுப்புப் படகையும் மட்டுமே கண்டு பழகியவர்களுக்கு அவ்வினா எழுவது இயல்பே. ஆயினும் சேர்வராயன் மலையினின்று இறங்கி மேற்கே சென்றால் மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரையூர்களில் நம்மவர் பலருக்கு உற்றார் உறவினர் உண்டு. நால்வர் ஐவர் கூடிப் பணம் போட்டுப் படகும், அதன் பின்புறத்தில் மாட்டும் வெளிப்பொறியும் வாங்குகின்றனர். விசிறி பாறையில் மோதி உடைந்த நாளில், அடுத்து எதை வாங்குவது என்று திகைக்கின்றனர். படகோட்டிகள் புரொப்பெல்லர் என வழங்கும் அவ்விசிறியையே இங்கு ஆராய்வோம்.

முதற்கண் நீரை அறிதல் வேண்டும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. அதன் முழு மட்டம் 120 அடி. அன்று மூழ்கிய ஊர்களின் அடையாளமாக, மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடி அருகே பழைய கோயிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளிப்படுகின்றன. மக்கள் திரண்டு சென்று காண்பர். படகோட்டிக்கோ, நந்தி வெளிப்பட்ட நாளைவிட அது நீருக்கு ஒரு முழம் கீழே மறைந்து நின்ற நாளே அச்சந்தருவது. பாறைகளும் அவ்வாறே. சென்ற மாதம் தடையின்றி ஓடிய வழி இந்த மாதம் விசிறியை முறிக்கும்.

இத்தகைய நீரில், "ஒருமுறை உடைந்தது போதும், இனி உடையாத எஃகு விசிறியே வாங்குவோம்" என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் தவறு என்பதே நம் கருத்து. வீட்டு மின்சாரப் பெட்டியில் பியூஸ் கம்பியை ஏன் மெல்லியதாக வைக்கிறோம்? அது உருகி, விலையுயர்ந்த கருவியைக் காப்பதற்காக. விசிறியும் அத்தகையதே. பாறையில் மோதும் அதிர்ச்சி எங்கேனும் சென்று தீரவேண்டும். விசிறியின் இதழ் வளைந்தோ முறிந்தோ அதனை ஏற்றுக்கொண்டால் இழப்பு ஒரு விசிறியோடு நிற்கும். இதழ் வளைய மறுத்தால் அதிர்ச்சி அச்சுத்தண்டுக்கும், அதன் உள்ளே பல்சக்கரப் பெட்டிக்கும் ஏறும். அதனைப் பழுதுபார்க்கும் செலவில் பல விசிறிகள் வாங்கலாம்.

ஆகவே பாறை நீருக்கு அலுமினிய விசிறியே ஏற்றது. சிறு பொறிகளுக்கு நைலான் விசிறியும் உண்டு. அது மலிவு, ஆனால் வளையாமல் ஒரேயடியாக முறியும். எஃகு மணலிலும் சேற்றிலும் தேயாது, விரைவும் தரும். மணற்பாங்கான கரைகளில் அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. விலையோ அலுமினியத்தினும் பன்மடங்கு.

விசிறியின் குடத்துக்குள் இன்னொரு காவலும் உண்டு. பெரும்பாலான பொறிகளில் அது இரப்பர் உறை. மோதலின்போது வழுக்கி அதிர்ச்சியைத் தணிக்கும். மிகச் சிறிய பொறிகளில் ஷியர் பின் என்னும் மெல்லிய ஊசி உண்டு. மோதினால் முதலில் அதுவே முறியும். முறிந்த ஊசிக்கு மாற்றாக ஓர் இரும்பு ஆணியைச் செருகி ஓட்டிய படகு ஒன்றை நாம் கண்டோம். ஆணி முறியவில்லை, பல்சக்கரங்கள் முறிந்தன. சில ரூபாய் ஊசியைக் கைவசம் வைத்திராமையால் அக்குழுவினர் ஒரு பருவத்தின் வருவாயை இழந்தனர். இரப்பர் உறை வழுக்கத் தொடங்கியதை அறியக் குடத்தின் உட்புறமும் வெளிப்புறமும் சேர ஒரு வண்ணக் கோடு இடுக. கோடு விலகினால் உறை தளர்ந்தது என்று கொள்க.

இனி அளவு. பழைய விசிறியின் குடத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 9 x 8 என்றால் விட்டம் 9 அங்குலம், பிட்ச் 8 அங்குலம். பிட்ச் என்பது, மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் விசிறி ஒரு சுற்றில் முன்செல்ல வேண்டிய தொலைவு. நீர் மரமன்று, ஆதலின் உண்மையில் செல்லும் தொலைவு குறையும், சுமை ஏற ஏற இன்னும் குறையும். விட்டத்தை மாற்றலாகாது. அச்சுத்தண்டின் பற்களின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். உடைந்த விசிறியைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே நல்லது.

பிட்ச் மட்டும் இடத்துக்கும் சுமைக்கும் ஏற்ப மாறலாம். கடல்மட்டத்திற்கு மேல் ஒவ்வொரு 1000 அடிக்கும் பெட்ரோல் பொறி ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு திறன் இழக்கும். காற்று அடர்த்தி குறைவதே காரணம். மேட்டூர் நீர் நிறைந்தால் கடலுக்கு 790 அடி மேலே நிற்கும்; அங்கு இழப்பு அற்பம். ஏறக்குறைய 5000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ 10 குதிரைத்திறன் பொறி எட்டரைக்கு மேல் தாராது. அங்கு ஓர் அங்குலம் பிட்ச் குறைந்த விசிறி வேண்டும். மேட்டூரில் நன்றாக ஓடிய பொறி மலைமேல் திணறினால் பொறியைக் குறை கூறற்க.

பொருத்தம் அறியச் சோதனை ஒன்றே வழி. வழக்கமான சுமையை ஏற்றி, பாறையற்ற ஆழ்நீரில் முழு விசையில் ஓட்டிச் சுற்றளவுமானியால் பார்க்க. பொறியின் கைந்நூல் நிமிடத்திற்கு 4500 முதல் 5500 சுற்று எனக் கூறினால் அவ்வெல்லைக்குள் நிற்க வேண்டும். எட்டாவிடின் பிட்ச் மிகுதி. பொறி சூடேறிக் கரி படியும். எல்லை மீறினால் பிட்ச் குறைவு. ஓர் அங்குல மாற்றம் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று வரை வேறுபாடு தரும்.

ஓட்டும் முறையும் விசிறியைக் காக்கும். முன்னோக்கி ஓடும்போது பொறியின் சாய்வுப் பூட்டை விடுவித்து வைத்தால், பாறை தட்டியவுடன் பொறி தானே மேலெழும். பின்னோக்கி ஓட்டும்போது மட்டும் பூட்டுதல் வேண்டும்; இல்லையேல் பொறி நீரைவிட்டுக் கிளம்பிவிடும்.

உதிரிப்பாகம் கூட்டாக வைத்தல் புதுமையன்று. 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, குமரி மாவட்டம் முதலிய கடற்கரைகளில் வெளிப்பொறிகளுக்குப் பழுதுபார்க்கும் நிலையங்களை அமைத்து நடத்தியது. நீர்த்தேக்கக் கரையில் ஒரே வகைப் பொறி வைத்திருக்கும் ஐந்தாறு குழுவினர் சேர்ந்தால் இரண்டு மாற்று விசிறிகள் போதும். ஊசிகள் மட்டும் படகுதோறும் இருத்தல் வேண்டும்.

புது விசிறியை மாட்டுமுன், அச்சுத்தண்டைச் சுற்றிய தூண்டில் நூலை அறுத்தெடுத்து, பற்களில் கிரீஸ் தடவுக. பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க. அது பால் நிறமாய் இருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. அடைப்பு வளையத்தை மாற்றிய பிறகே விசிறியைப் பூட்டுக.