செங்கீரையை விட்டுவிட்டாயே

அன்பு மகளுக்கு,

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வரும் தாய்மார்களுக்காக நீ எழுதிய கையேட்டை ஒரே மூச்சில் படித்தேன். கொடியேற்ற வேட்டுச் சத்தத்தில் மடியில் கிடந்த சிசு கைகளை விரித்து, பிறகு நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளும் பத்தி அபாரம். 1918இல் குழந்தை மருத்துவர் மோரோ அதை அணைப்பு அனிச்சை என்றுதான் எழுதினார். பலர் விரிவதோடு நிறுத்திவிடுவார்கள். நீ அணைப்பைப் பார்த்திருக்கிறாய். உன் வயதில் இப்படிப் பார்த்து எழுதுபவர்கள் அபூர்வம்.

ஆனால் நான்காம் பக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தை குரங்கு நிலையிலிருந்து மனித நிலைக்கு ஏறி வருகிறதாம்! 1866இல் உயிரியலாளர் ஹெக்கல் சொன்னதன் சாயல் அது; உயிரியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. உன் விரலை இறுகப் பிடிக்கிற கை, மரமேறிய பெரிய குரங்கின் மிச்சமல்ல. நமக்கும் குரங்குக்கும் பொதுவான மூதாதையின் சிசு தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டு திரிந்திருக்கும். அந்தச் சிசுவின் கைதான் இது. நம் பிள்ளைக்குப் பற்ற ரோமமும் இல்லை, கழுத்தும் நிற்காது. ஏந்திக்கொள்ள ஆள் வேண்டும்.

இன்னொன்று: பிறந்த சிசுவை நிமிர்த்திப் பிடித்தால் அடி வைக்கிற நடை அனிச்சை இரண்டாம் மாதத்தில் "மறைந்துவிடும்" என்கிறாய். எங்கே மறைகிறது? ஆய்வாளர் எஸ்தர் தெலனும் கூட்டாளிகளும் 1984இல் சிசுக்களைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார்கள். கால்கள் மறுபடி அடிமேல் அடி வைத்தன. தொடையில் கொழுப்பு ஏறிய வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். மனிதச் சிசு இவ்வளவு கொழுப்போடு பிறப்பதே பெரிய மூளைக்குச் சேமிப்பாக என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

காலானாலும் கழுத்தானாலும் தசை தரையில்தான் உரம்பெறும். இதை நான் சொல்லிச் சொல்லியே வயதாகிவிட்டது. கீழ்வேளூர்ப் பக்கம் நடவு நாட்களில் பூவரசு மரத்தில் தூளி தொங்கும். தாய் கரையேறியதும் பிள்ளையைச் சாக்கில் குப்புறக் கிடத்துவாள். கைகளை ஊன்றி, தலையைத் தூக்கி, அவள் முகத்தைத் தேடி ஆடும். பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவம் இதுதான்: ஐந்தாம் மாதம், ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒட்டக்கூத்தர் சோழ மன்னனைக் குழந்தையாக்கிப் பாடிய பருவங்களை வைத்துக்கொண்டு, நீ வாக்கர் படம் போட்டிருக்கிறாய். அந்த வண்டிக்குக் கனடா 2004இல் தடையே போட்டுவிட்டது. நம் நடைவண்டியில் பிள்ளை தன் எடையைத் தன் காலில் தாங்கித் தள்ளும், வாக்கரில் தொங்கும்.

வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற, நடக்க முடியாத சிறுவன் மாதா அருளால் எழுந்து ஓடிய கதையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கால் தளர்ந்த பிள்ளைகளைத் தூக்கி வருகிறவர்கள் உன் வாசகர்கள். அவர்களிடம் வெறுமனே "கவலை வேண்டாம்" என்று எழுதாதே. வேட்டுச் சத்தத்துக்கு ஒரு கை மட்டும் விரிந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் அந்தத் திடுக்கிடல் நீடித்தாலோ உடனே டாக்டரிடம் காட்டச் சொல். அந்த வரியைப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் போடு. வாக்கர் இருந்த இடத்தில் குப்புறக் கிடக்கும் பிள்ளையை வரைந்து தரச் சொல். அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒருமுறை அனுப்பு.