கொட்டிலில் தொடங்கும் ஆங்கிலப் பாடம்

முதியோர்க்கு ஆங்கிலம் கற்பிக்க முற்படுவோர், சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் நிறைந்த சிறுவர் புத்தகத்தையே கையில் எடுக்கின்றனர். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக்கு விலை பேசி முடித்து, மாலையில் வகுப்பிற்கு வரும் அங்கத்தினர் அதனைக் கண்டு நாணுகின்றார், மறுநாள் வருவதில்லை. அவருக்கு ஆங்கிலம் எதற்குத் தேவை என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஓர் ஊரில் நிகழ்ந்ததைக் கூறுவோம். சங்கக் கடனில் வாங்கிய கறவைப் பசு ஒன்று இறந்தது. ஆங்கிலக் காப்பீட்டுப் படிவத்தில் அதனை ‘ஹெஃபர்’, அதாவது ஈனாத கிடேரி, என எவரோ எழுதியிருந்தனர். இறந்ததோ இரண்டு ஈற்றுக் கண்ட பசு. விவரம் ஒவ்வாமையால் இழப்பீடு பல மாதங்கள் நின்றது. கடன் தவணை நிற்கவில்லை. படிவத்தின் அடியில் இருந்த கையொப்பம் அங்கத்தினருடையதே. முன்னரே அத்தாளைப் பார்வையிட்ட நாமும் அச்சொல்லைக் கவனியாது விட்டோம்.

ஆதலின் முதற் பாடம் கொட்டிலிலிருந்தே தொடங்குக.

முதலாவது, பெயர். இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்குகின்றன. பசு என்பார் ஒருவர். ஆவு என்பார் மற்றொருவர். ஹசு என்பார் வேறொருவர். மூன்றையும் கரும்பலகையில் எழுதி, நான்காவதாகக் ‘கவ்’ என்று எழுதுக. சந்தையில் மும்மொழி பேசுவோர்க்கு நான்காவது மொழி அச்சம் தராது.

இரண்டாவது, வேறுபாடு. நாம் மாடு எனப் பொதுவாகக் கூறுவதை ஆங்கிலம் பிரித்துக் கூறும். ஈன்ற பசு ‘கவ்’, கிடேரி ‘ஹெஃபர்’, பொலிகாளை ‘புல்’, காயடித்த எருது ‘புல்லக்’, எருமை ‘பஃபலோ’, கன்று ‘காஃப்’. வெள்ளாடு ‘கோட்’, செம்மறி ‘ஷீப்’. செம்மறி ஒன்றாயினும் நூறாயினும் ‘ஷீப்’ என்பதே வழக்கு.

மூன்றாவது, வாக்கியம். ‘திஸ் இஸ் மை கவ்’, ‘ஐ ஹாவ் டூ கோட்ஸ்’ என ஒவ்வொருவரும் தம் வீட்டில் உள்ளதையே கூறுக. மாடில்லாத நெசவாளர் பட்டுப்புழுவில் தொடங்கலாம்: புழு ‘சில்க்வார்ம்’, கூடு ‘கக்கூன்’, அந்துப்பூச்சி ‘மாத்’.

நான்காவது, படிவம். வெற்றுப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்து, இனம், வயது, நிறம், காதுவில்லையின் 12 இலக்க எண் ஆகியவற்றிற்குரிய இடங்களைக் கண்டுபிடிக்கச் செய்க. காதுவில்லை எண் ஒவ்வாவிடினும் இழப்பீடு தடைப்படும் என்பதையும் அப்போதே உணர்த்துக.

ராகி முற்றும் காலத்தில் வயலுக்கு வரும் யானை இரண்டாம் பாடத்தில் இடம் பெறட்டும்.

ஒரு மாதத்தில் அனைவரும் ஆங்கிலம் பேசிவிடுவர் என நாம் கூறவில்லை. கையொப்பம் இடுமுன் ஒருவர் தாளைப் பார்த்து, “இது ஹெஃபர் அன்று, கவ் என எழுதுங்கள்” என்று கூறுவாராயின், அப்பாடம் தன் பயனைத் தந்ததாகும்.