பரிசுப் போட்டித் தளங்களை ஆராய்ந்தறியும் முறை

பரிசு என்னுஞ் சொல் இனியது. ஒருவரது ஆற்றலைப் பலரறியப் பாராட்டி அளிப்பதே பரிசாம். பண்டைப் புலவர் பாடிப் பெற்றதும், நம் மாணவர் கட்டுரை வரைந்தும் பந்தயத்தில் ஓடியும் பெறுவதும் அவ்வினத்தன. ஆயின் இற்றைநாளில் யாதொரு முயற்சியுஞ் செய்யாதார்க்கும், "நீர் பரிசு பெற்றீர்" என்னுஞ் செய்தி கைப்பேசி வாயிலாக ஓயாது வந்தவண்ணம் இருக்கின்றது. அவற்றுள் மெய் எது, பொய் எது என்று தெளியும் முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சி நம் வட்டாரத்திற்கு மிகவும் வேண்டுவதாம். திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை ஆகிய சிப்காட் வளாகங்களிலும் உழைப்போருட் பலர் இளைஞர். ஊரை விட்டு வந்து, வாடகை அறைகளிற் பலர் சேர்ந்து வாழ்ந்து, மிச்சம் பிடித்த பணத்தை வீட்டிற்கு அனுப்புவோர். அவர்தம் சம்பளச் செய்தி எந்தக் கைப்பேசியில் வருகின்றதோ, அதே கைப்பேசியிற்றான் பரிசுச் செய்தியும் வருகின்றது. ஐயுற்றவர் அண்டையிலுள்ள படித்த பிள்ளையிடம், "தம்பி, இது உண்மைதானா?" என்று வினவுவர். அவ்வினாவிற்கு நாம் அளிக்கும் விடையில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு தங்கியிருத்தல் கூடும்.

இவ்வாசை புதியதன்று. 1930களில் குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் தமிழ் இதழ்களிலும் இடம்பெற்றன. பெங்களூரில் அச்சாகிப் பம்பாய் மாகாணத்திலும் பரவிய ஓர் ஆங்கில வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டி, உச்ச நீதிமன்றம் வரை வழக்காகிச் சென்றது. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், ஒரு மாதத்திற் பரிசுத் தொகை மொத்தம் 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என வரையறுத்தது. 1957இல் அந்நீதிமன்றம், திறமையைப் பெரிதும் சார்ந்த போட்டி வேறு, நற்பேற்றை நம்பும் சூது வேறு எனப் பிரித்து, அச்சட்டத்தின் தடை பின்னதற்கே உரியதென்று தீர்த்தது.

தமிழ்நாட்டார் அறிய வேண்டிய சட்டம் மற்றொன்றும் உண்டு. 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், பொருள் வாங்குவோர்க்குக் குலுக்கல் முறையிற் பரிசளிக்குந் திட்டங்களை விலக்கியது. இக்காரணத்தாலேயே பெரு நிறுவனங்கள் பல தம் பரிசு விளம்பரங்களின் அடியில், "தமிழ்நாட்டிற்குப் பொருந்தாது" என்று சிற்றெழுத்தில் அச்சிடுகின்றன. 2003 முதல் இம்மாநிலத்தில் லாட்டரிச் சீட்டும் இல்லை. பணங்கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளை, திறமையாயினும் நற்பேறாயினும் வேறுபாடின்றி, 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் விலக்குகின்றது. ஆகவே நம் ஊரார்க்குக் "குலுக்கலில் மோட்டார் வண்டி" என்று ஒரு தளம் கூறுமாயின், அது மோசடியன்றாயினும் சட்டத்திற்கு மாறாதல் கூடும் என்பது தொடக்கத்திலேயே தெளிவாம்.

இனி, ஆராயும் முறைகளை ஒவ்வொன்றாகக் கூறுவாம்.

முதலாவது, நாம் அப்போட்டியிற் சேர்ந்தோமா என்பது. விதையாத நிலத்தில் விளைச்சல் இல்லை. 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'கௌன் பனேகா குரோர்பதி' என்னும் இந்தித் தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சியின் பெயரால், "25 இலட்சம் ரூபாய் விழுந்தது" என வாட்ஸ்அப்பில் வரும் பொய்ச் செய்தி பலரை ஏமாற்றியது. தில்லிக் காவல்துறை இதுபற்றி எச்சரித்தது. வடமாநிலத் தொழிலாளர்க்கு அந்நிகழ்ச்சி நன்கு பழகியதாதலின், அவர்க்கு இதனைத் தனியே எடுத்துரைத்தல் நலம்.

இரண்டாவது, பணங் கேட்கின்றதா என்பது. "வரி கட்டுக, பதிவுக் கட்டணம் அனுப்புக" என்பதே இம்மோசடியின் உயிர்நிலை. பணப்பரிசிற்குரிய 30 விழுக்காட்டு வருமான வரியை, பரிசளிப்போரே கழித்துக்கொண்டு எஞ்சியதைத் தருதல் வேண்டும். பொருட்பரிசாயின் வரியைப் பெறுவோர் செலுத்த நேரினும், அது அரசின் கணக்கிற்கே செல்லும். தனியொருவர் கணக்கிற்குச் செல்லாது. வெளிநாட்டு லாட்டரியிற் பங்குகொள்ளப் பணம் அனுப்புதலோ, அந்நியச் செலாவணி விதிகளால் தடுக்கப்பட்டது.

மூன்றாவது, தள முகவரி. அதனை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். முதற் சாய்கோட்டிற்கு முன்னுள்ள இறுதிப் பகுதியும், அதற்கு இடப்புறம் ஒட்டிய சொல்லுமே உரியவரைக் காட்டும். 'முத்து' என்னும் நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 'முத்து.பரிசு.டாப்' என்னும் முகவரி முத்துவினுடையதன்று, 'பரிசு.டாப்' என்பதைப் பதிந்தவருடையது. முன்னே எப்பெயரையும் அவர் ஒட்டிக்கொள்ளலாம். முகவரியருகே தோன்றும் பூட்டுக்குறியோ, இடைவழியிற் செய்தி களவாடப்படாது என்பதற்கு மட்டுமே சான்று. கள்வன் வீட்டிற்கும் பூட்டு உண்டன்றோ?

நான்காவது, முகவரி பதிந்த நாள். 'ஹூ இஸ்' எனப்படும் பொதுப் பதிவேட்டில் இதனை எவரும் இலவசமாகக் காணலாம். உரியவர் பெயர் மறைக்கப்பட்டிருப்பினும் நாள் பெரும்பாலும் தெரியும். இருபதாண்டுத் தொண்டு என முழங்குந் தளம் சென்ற மாதம் பதியப்பட்டதாயின், வேறு சான்று வேண்டா. பழைய முகவரியாதல் மட்டும் நேர்மைக்கு உறுதியாகாது என்பதையும் மறத்தலாகாது.

ஐந்தாவது, விதிகள். நடத்துவோர் யார், அலுவலகம் எங்கே, முடிவு நாள் எது, தேர்வு எங்ஙனம் என்பன வெளிப்படையாக இருத்தல் வேண்டும். 2014இல் தொடங்கிய நடுவணரசின் 'மைகவ்' தளத்திற் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றின் விதிகளை ஒருமுறை படித்தோர்க்குப் போலியின் வெறுமை தானே புலப்படும்.

ஆறாவது, இரகசிய எண். யூபிஐ முறையிற் பணம் பெறுதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை, கொடுத்தற்கே வேண்டும். "பரிசைப் பெற எண்ணை இடுக" என்பவன் நம் பணத்தையே எடுக்க முயல்பவன்.

ஓர் உதாரணங் கொள்வோம். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்பயிலுநர்க்கு, "ஆண்டுவிழாக் குலுக்கலில் ஸ்கூட்டர், 4,999 ரூபாய் பதிவுக் கட்டணம், இன்றிரவு வரையே தவணை" எனச் செய்தி வருகின்றது. அவர் சேர்ந்ததில்லை, பணங் கேட்கின்றனர், குலுக்கற் பரிசு இம்மாநிலத்தில் தடையுற்றது. முகவரியைத் திறவாமலே மூன்று சான்றுகள் கிடைத்துவிட்டன. "இன்றிரவு வரை" என்னும் அவசரமோ, பிறரைக் கேட்கவொட்டாமற் செய்யும் உபாயமே.

பணம் போய்விடின், நாணி மறைத்தல் தவறு. காலந் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணிற்கு அழைத்துக் கூறுக, வங்கிக்கும் அறிவிக்குக. பணம் கைமாறி மறைவதன்முன் அதனை நிறுத்திவைத்தற்கு இவ்வேற்பாடு உதவும். "இழந்ததை மீட்டுத் தருவோம், கட்டணம் தருக" என்று பின்னர் வருவோர் இரண்டாம் வலை விரிப்போராவர். சிறு தரகு பெற்று வங்கிக் கணக்கைப் பிறர்க்கு இரவல் கொடுப்போர் குற்ற வழக்கில் அகப்படுவர் என்பதையும் இளைஞர் உணர்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! ஏமாந்தோரை அறிவிலார் என இகழாதீர். கடனும் தங்கையின் திருமணமும் நெஞ்சை அழுத்துங்கால், கற்றோரும் நம்ப விழைவர். "இது உண்மைதானா?" என்று கேட்டு வருவோர்க்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி, அருகமர்ந்து இவ்வாறு முறைகளையும் உடன் ஆராய்ந்து காட்டுங்கள். கற்ற கல்வியாற் பிறர் உழைப்பின் பயனைக் காத்தல், மேடையிற் பெறும் எப்பரிசினுஞ் சிறந்த பரிசாம்.