நாயும் கோழியும் ஒரே வீட்டில்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)

நம்மில் பலருடைய வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். புறவாசலில் நாலைந்து கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும். இரண்டும் நம்மை நம்பி வாழும் உயிர்கள். ஆனால் இவை ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பாராதவளாகவே இருந்தேன். அதனால் நேர்ந்ததையும், பின்னர் நான் கற்றுக்கொண்டதையும் என் அன்புத் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. அப்போது அதற்கு ஒன்றரை வயது. கோழிகள் என் ஆச்சியுடையவை. முட்டை விற்கும் காசை ஆச்சி ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பார்கள். என் கணக்குக் கருவிப்பெட்டியும் குடையும் அந்தக் காசில் வாங்கியவையே. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, செவலைக் கோழி தன் பத்துக் குஞ்சுகளுடன் மேய்ந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் ஓடிச் சென்றபோது தாய்க்கோழி இறந்து கிடந்தது. மணி அதன் அருகில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"இனி இந்த நாய் வீட்டில் இருக்கக் கூடாது, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்" என்று அப்பா சொன்னார்கள். நான் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் புறவாசல் கதவைத் தாழிடாமல் வந்தவள் நான்தான். மூன்றாம் நாள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். ஆச்சி என்னை அடிக்கவில்லை. "ஏட்டி, ரெண்டையும் வளக்கிறவ பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழனா இருக்கணும். நாயைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?" என்றார்கள். அப்பா எனக்கு ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள். உணவும் நீரும் கிடைக்காமல் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இயல்பை அறிதல்

நாய் ஓநாயின் வழிவந்தது. உற்றுப் பார்த்தல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல் ஆகிய வேட்டைக் குணங்கள் அதன் இரத்தத்தில் ஊறியவை. நம் நாட்டு இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்றவை. கோழியோ காட்டுக்கோழியின் வழிவந்தது. ஆபத்து என்று கண்டால் கத்திக்கொண்டு ஓடும்; இறக்கையை அடித்துப் பறக்க முயலும். அந்த ஓட்டமும் படபடப்புமே நாயைத் துரத்தத் தூண்டுகின்றன. பசி இல்லாத நாயும் துரத்தும். இளம் நாய்க்கு அது விளையாட்டு. கோழிக்கு அது மரணம். மணி வாலை ஆட்டியதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது.

ஆகவே "எங்கள் நாய் சாது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி இருந்துவிடக் கூடாது. ஓராண்டு சும்மா இருந்த நாயும் ஒரு நாள் துரத்தலாம்.

முதற் காவல் வேலி

பழக்குவதற்கு முன் பாதுகாப்புச் செய்ய வேண்டும். கடைகளில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய கம்பிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நாய் உள்ளே வராமல் தடுக்காது. நாய் அதைக் கடித்துக் கிழித்துவிடும். பற்றவைத்த கெட்டியான கம்பிவலையே ஏற்றது. நாய் மண்ணைத் தோண்டும் ஆதலால் வலையின் அடிப்பாகத்தை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும். கூட்டின் கதவுக்குக் கயிற்றுக் கட்டுப் போதாது. இரும்புத் தாழ்ப்பாள் வேண்டும். கோழி வேலியைத் தாண்டிப் பறந்து வந்தால், ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும் நீண்ட பறக்கும் இறகுகளின் நுனியை வெட்டிவிடலாம். வளர்ந்து முற்றிய இறகை வெட்டினால் வலிக்காது. இரத்தம் ஓடும் இளம் இறகை மட்டும் வெட்டக் கூடாது.

எங்கள் வீட்டில் நேரத்தையும் பிரித்துக்கொண்டோம். பகலில் கோழிகள் மேயும்போது மணி முன்வாசலில் நிழலில், நீர்ச் சட்டியுடன் கட்டப்பட்டிருக்கும். காலையும் மாலையும் அதை உலாவ அழைத்துச் செல்வேன். அந்தி சாய்ந்து கோழிகள் கூட்டில் அடைந்த பிறகே அதை அவிழ்த்துவிடுவோம். இரவில் கீரியோ மரநாயோ வந்தால் அதன் குரைப்பே எங்களை எழுப்பும். பகலில் பகையாகத் தோன்றியது இரவில் காவலாயிற்று.

பழக்கும் முறை

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிட்டால் அது திருந்திவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார். அது பயன் தராது. ஒரு செயலைச் செய்த அந்தக் கணத்திலேயே கிடைக்கும் பலனைத்தான் நாய் அச்செயலோடு சேர்த்து உணர்கிறது. உணவுக்கு முன் தொடர்ந்து ஓர் ஒலியைக் கேட்ட நாய்கள், பின்னர் அந்த ஒலியைக் கேட்டதுமே உமிழ்நீர் சுரந்தன என்று இரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டியதை நாம் படித்திருக்கிறோம். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவரே. ஒரு மணி நேரம் கழித்து அடித்தால் நாய் நம்மைக் கண்டு அஞ்சுமே தவிர, கோழியை விட வேண்டும் என்று கற்றுக்கொள்ளாது.

நான் செய்தது இதுதான். முதலில் கோழி இல்லாத இடத்தில், கையில் ரொட்டித் துண்டை மூடி வைத்துக்கொண்டு "விடு" என்பேன். மணி முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே மற்றொரு துண்டு கொடுப்பேன். ஒரு வாரத்தில் அச்சொல் அதற்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் வாரம் நன்றாக உலாவி அலுத்துவந்த பிறகு, கயிற்றைப் பிடித்தபடி வேலிக்கு வெளியே தூரத்தில் உட்காரவைத்தேன். கோழியைப் பார்த்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் ரொட்டி உண்டு. தினமும் பத்து நிமிடம் போதும். மூன்றாம் வாரம் வேலியை ஒட்டி நடந்தோம். நான்காம் வாரம் கயிற்றோடு உள்ளே சென்றோம்.

இவ்வேளையில் நாயின் உடலைக் கவனிக்க வேண்டும். உடல் விறைத்து, வாய் மூடி, காது முன்னே நிமிர்ந்து, கண் இமைக்காமல் ஒரே கோழியைப் பார்த்துக்கொண்டு, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாவிட்டால் அது ஆபத்தின் அறிகுறி. உடனே தூரமாக அழைத்துச் சென்றுவிட வேண்டும். தரையை முகர்ந்துகொண்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டும் இருந்தால் நல்லது. குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழியிடம் மட்டும் நாயை அழைத்துச் செல்லக் கூடாது. அது தானே பாய்ந்து கொத்தும். நாய் திருப்பிக் கவ்வும்.

நோயும் காயமும்

இரண்டுக்கும் தடுப்பூசி அவசியம். நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் காலத்தில் மறுபடியும் போட வேண்டும். குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் ஒரே வாரத்தில் கூட்டையே காலி செய்துவிடும். இராணிகேத் நோய் என்பதும் இதுவே. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், இரண்டு மாத அளவில் ஊசியும் போட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

நோயில் செத்த கோழியை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். வேகவைத்த கோழி எலும்பும் நாய்க்கு ஆகாது. அது கூர்மையாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்திவிடும். மருந்து கலந்த கோழித் தீவனத்தையும் நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும். கோழி எச்சத்தில் நோய்க்கிருமிகள் இருக்கலாம் ஆதலால், கூட்டைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது நமக்கும் நல்லது.

நாய் கோழியைக் கவ்வி விட்டுவிட்டால், வெளியே இரத்தம் தெரியவில்லை என்று சும்மா இருக்கக் கூடாது. இறகை விலக்கிப் பார்த்தால் பல் பதிந்த துளைகள் தெரியும். இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகளும் கொத்தும். ஆகவே அதைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து, அமைதியான இடத்தில் வைத்து, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முடிவுரை

தாயை இழந்த பத்துக் குஞ்சுகளையும் இரவில் மின்விளக்கின் சூட்டில் வைத்து வளர்த்தோம். இரண்டு இறந்தன, எட்டுப் பிழைத்தன. அவற்றில் ஐந்து பெட்டைகள் இன்று முட்டையிடுகின்றன. ஆச்சியின் தகர டப்பா மீண்டும் சத்தமிடுகிறது. மணியும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கோழி அருகில் வந்தால் இப்போது அது என் முகத்தைப் பார்க்கிறது. என்றாலும் அதையும் கோழிகளையும் ஒரு நிமிடங்கூடத் தனியே விடுவதில்லை. அது நம்பிக்கைக் குறைவு அன்று. அதன் இயல்பை அறிந்து நடப்பது.

நாய் நாயாகவே இருக்கும். கோழி கோழியாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள கதவு மட்டும் நம் கையில் இருக்கிறது. தோழியரே, தினமும் பள்ளிக்குப் புறப்படுமுன் நான் புறவாசல் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.