விலைச்சீட்டில் ஒரு தேதி



தில்லிக்கு வந்த முதல் ஆண்டு டிசம்பரில் நான் ஒரு கம்பளிச் சுவெட்டர் வாங்கினேன். மதுரையிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் இருந்தவை எல்லாம் பருத்திச் சட்டைகளே. பற்கள் தந்தியடிக்கும் நேரத்தில் பேரம் பேச வாய் வருமா? சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். பிப்ரவரி கடைசி வாரத்தில் அந்தக் கடை வழியே சென்றபோது அதே சுவெட்டர், அதே சாம்பல் நிறம், பாதி விலைக்கு வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. "டிசம்பரில் உன்னை ஏமாற்றினார்கள், அவ்வளவுதான்" என்றார் விடுதி அறைத் தோழர். அவர் வேதியியல் மாணவர். நான் பௌதிகம் படிப்பவன். வாணிகம் இருவருக்கும் தெரியாது. ஆயினும் அவர் தீர்ப்பு என் மனத்தில் தைத்துக்கொண்டே இருந்தது. அந்த வழக்கை விசாரிக்க நூலகத்தில் நுழைந்தவன், 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பெருங்கடையின் நிலவறையில் போய் நின்றேன். அங்கே கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிலையான விலை என்று ஒன்று இல்லாதவரை தள்ளுபடி என்பதற்கே பொருளில்லை. ஆளுக்கொரு விலை சொல்லும் கடையில் எதிலிருந்து எதைத் தள்ளுவது? பாரிஸ் நகரில் 1852-இல் பான் மார்ஷே கடையில் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிக்கோவும், பிலடெல்பியாவில் 1876-இல் ஒரு பழைய ரயில் சரக்குக் கொட்டகையைப் பெருங்கடையாக்கிய ஜான் வானமேக்கரும் விலையைச் சீட்டில் எழுதி எல்லோருக்கும் ஒன்றே என்று அறிவித்தவர்கள். சீட்டு வந்தபின்தான் சீட்டில் கோடு கிழிக்க முடிந்தது.

கோடு கிழிப்பதிலும் இரண்டு வகை உண்டு. வாங்குவோர் வராத மாதத்தில் அவர்களை வரவழைப்பது ஒன்று. கிறிஸ்துமஸ் ஓய்ந்த ஜனவரியில், 1878-இல், வானமேக்கர் படுக்கை விரிப்பு, மேசைத் துணி முதலிய வெள்ளைத் துணிகளை மலிவு விலையில் விற்றார். நமக்கு இது புதிதன்று. திருமணம் நடவாத ஆடி மாதத்தில் நம் ஊர்த் துணிக்கடைகள் செய்வதும் இதுவே. ஆடியில் விற்காத சேலை ஆவணியில் விற்கும். சேலைக்கு ஒன்றும் வந்துவிடாது.

இரண்டாம் வகை வேறு. அதில் சரக்கே செத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நமக்கு இதை உணர்வது சற்றுக் கடினம். அங்கே பருத்திச் சட்டைக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. பாஸ்டனில் அப்படியன்று. வெயிலுக்குரிய உடை உடுத்தும் காலம் ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய மூன்று மாதங்களே. லினன் சூட்டு, மெல்லிய லான் துணியில் தைத்த வெள்ளைக் கவுன், வைக்கோல் தொப்பி எல்லாம் அதற்குள் விற்றாக வேண்டும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை அங்கே தொழிலாளர் நாள். அது கழிந்தபின் வெள்ளை உடை உடுத்துவதை நாகரிகக் குறைவாகக் கருதியவர்கள் பலர். வைக்கோல் தொப்பிக்கோ செப்டம்பர் 15 கெடு. இது சட்டமன்று, வெறும் வழக்கம். ஆனால் அந்த வழக்கத்தின் வலிமையைப் பாருங்கள்: 1922-இல் நியூயார்க்கில், கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே, சிறுவர் கூட்டம் தெருவில் போவோர் தலையிலிருந்த வைக்கோல் தொப்பிகளைப் பறித்து மிதிக்கத் தொடங்கியது. துறைமுகத் தொழிலாளர்கள் திருப்பி அடித்தார்கள். கலவரம் பல நாள் நீடித்தது, கைதுகளும் நடந்தன. இத்தகைய நகரங்களில் ஆகஸ்டு இறுதியில் வைக்கோல் தொப்பிகளை அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரரின் கவலையை எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டுவரை கிடங்கில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் இடத்துக்கு வாடகை, முடங்கிய பணத்துக்கு வட்டி, பூச்சிக்குப் பங்கு. இத்தனைக்கும் மேல் அடுத்த ஆண்டு கழுத்துப்பட்டியின் வெட்டே மாறிவிடலாம். ஆகவே வேனில் உடை துணிக்கடையில் இருந்தாலும், அதன் குணம் காய்கறிக் கடைக் கீரையின் குணம்.

எல்லாப் பெருங்கடைகளுக்கும் இந்தக் கவலை இருந்தது. எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொரு துறைத் தலைவரும் தம் மனம்போல் முடிவு செய்தார். வாங்குவோர் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

எட்வர்ட் பைலீன் என்பவர் இந்த ஊகத்தை ஒழிக்க எண்ணினார். தந்தை வில்லியம் தொடங்கிய கடையைத் தம்பி லிங்கனோடு சேர்ந்து நடத்தியவர். 1909-இல் கடையின் நிலவறையில் அவர் திறந்த பகுதியில் விதி ஒன்றே. ஒவ்வோர் உடையின் சீட்டிலும் அது மேசைக்கு வந்த தேதி இருக்கும். 12 விற்பனை நாள் கழிந்தும் விற்காவிட்டால் விலையில் 25 விழுக்காடு குறையும். 18 நாள் கழிந்தால் 50 விழுக்காடு. 24 நாள் கழிந்தால் 75 விழுக்காடு. 30 நாளும் கழிந்துவிட்டால் அது அறநிலையத்துக்கு இலவசம். ஞாயிறு கணக்கில் இல்லை; எனவே 30 விற்பனை நாள் என்பது ஐந்து வாரம். ஜூலைத் தொடக்கத்தில் மேசைக்கு வந்த 10 டாலர் லினன் சூட்டு ஏழரையாகி, ஐந்தாகி, இரண்டரையாகி, ஆகஸ்டு முற்பாதியில் கதை முடிந்துவிடும். மேலாளரின் விருப்பத்துக்கு இதில் இடமில்லை. தானாகக் குறையும் விலை.

கதிரியக்கம் படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் ஓர் உறவு தோன்றும். ஆனால் ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்க வேண்டாம். யுரேனிய அணுவைப் பார்த்துக்கொண்டு யாரும் காத்திருப்பதில்லை. இங்கே காத்திருக்கிறார்கள். அங்கேதான் சுவை.

ஒரு சிறு கணக்கு. இன்று 5 டாலருக்கு வந்துவிட்ட ஒரு கவுன் உங்களுக்கு 7 டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். இன்றே வாங்கினால் ஆதாயம் 2 டாலர். இன்னும் ஆறு நாள் பொறுத்தால் விலை 2.50, ஆதாயம் 4.50. ஆனால் அதுவரை அந்தக் கவுன் அங்கே இருக்குமா? இருப்பதற்கான வாய்ப்பை 4.50-ஆல் பெருக்கிப் பாருங்கள். பெருக்கல் தொகை 2-ஐ மிஞ்ச வேண்டுமானால் வாய்ப்பு 44 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்தாக வேண்டும். பாதிக்குப் பாதி என்று நம்பினால் பொறுக்கலாம். மூன்றில் ஒரு பங்குதான் என்று தோன்றினால் இன்றே எடுத்துவிடவேண்டும். அதே கவுனின் மேல் கண் வைத்திருக்கும் அடுத்த பெண்மணியும் இதே கணக்கைத்தான் போடுகிறார். அவருடைய கணக்கு உங்கள் வாய்ப்பை மாற்றுகிறது. விதியை வெளிப்படையாக எழுதி ஒட்டியதன் பயன், நாள் குறிக்கும் தலைவலி கடைக்காரரிடமிருந்து வாங்குவோர் தலைக்கு மாறியதுதான். அவர்கள் ஒருவரையொருவர் அஞ்சி முந்திக்கொண்டார்கள். அறநிலையம்வரை போய்ச் சேர்ந்த சரக்கு மிகச் சொற்பம்.

வேண்டிய உடையை ஆண்களின் காலுறைக் குவியலுக்குள் ஒளித்துவைத்து, விலை இறங்கும் காலையில் ஓடிவந்து எடுத்த கெட்டிக்காரப் பெண்களின் கதைகள் பாஸ்டனில் நிறைய வழங்குகின்றன. உடை மாற்றிப் பார்க்கப் பெண்களுக்கு அங்கே நெடுங்காலம் தனியறை கிடையாது. மேசைகளுக்கு நடுவிலேயே நின்று போட்டுப் பார்த்தார்கள். முதல் சில ஆண்டுகள் நிலவறை நட்டத்தில் நடந்தது. பைலீனின் பைத்தியக்காரத்தனம் என்றே ஏளனம் செய்தார்கள். பின்னர் 1930-களின் பெருமந்தத்தில் மேல்மாடிக் கடையைத் தாங்கி நிறுத்தியது இந்த நிலவறையே.

இடையில் ஒரு செய்தி. இந்தப் பைலீன் 1907-இல் இந்தியா வந்தவர். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிராமங்களில் முளைத்திருந்த கூட்டுறவுக் கடன் சங்கங்களை வங்காளத்தில் கண்டு வியந்து, அமெரிக்காவில் அத்தகைய சங்கங்கள் பரவ முன்னின்றார். அந்தச் சட்டத்துக்கு வழிவகுத்த ஆய்வுகளுள் ஒன்று சென்னை மாகாணத்துக்காகப் பிரெடெரிக் நிக்கல்சன் எழுதிய அறிக்கை. உலகம் சிறியது என்று சொல்லத் தோன்றுகிறது; சொல்லாமல் விடுகிறேன்.

சரி, விற்கும் பக்கம் என்ன நியாயம்? 1986-இல் எட்வர்ட் லாசியர் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்தார். இந்த உடைக்கு மக்கள் என்ன கொடுப்பார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. உயர்ந்த விலையில் வைத்துப் பார்க்கிறார். விற்காமல் கிடப்பதே அவருக்கு ஒரு செய்தி. அதைப் படித்து இறக்குகிறார். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று சொல்ல முடியாத புதுப்பாணி உடையில் தொடக்க விலையும் மிகுதி, இறக்கமும் மிகுதி. சோதனைச்சாலையில் நாம் செய்வதும் இதுதானே?

இனி என் சுவெட்டர் வழக்கு. நான் ஏமாற்றப்பட்டேனா? இல்லை என்றே நினைக்கிறேன். டிசம்பரில் நான் வாங்கியது கம்பளியை மட்டுமன்று. அறுபது எழுபது குளிர்நாட்களையும் சேர்த்தே வாங்கினேன். பிப்ரவரியில் வாங்கியவருக்குப் பத்து நாள்தான் மிச்சம். கூடவே, விற்காமல் போகும் சுவெட்டர்களின் நட்டத்தையும் என்னைப்போல் முன்னதாக வந்தவர்கள் தலையில் கொஞ்சம் ஏற்றியிருப்பார்கள். ஆயினும் குறை ஒன்று உண்டு. பைலீனின் சீட்டில் தேதி இருந்தது. நான் வாங்கிய கடையின் சீட்டில் இல்லை. விதி தெரிந்து தோற்பது வேறு, தெரியாமல் தோற்பது வேறு. அறைத் தோழர் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருப்பேன். முடியவில்லை. காரணம், அம்மா மதுரையில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். ஒரு துணிக்கடைக்குச் சட்டையும் பாவாடையும் தைத்துக் கொடுக்கிறார். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் அந்த மெஷின் இரவிலும் ஓயாது. பொங்கல் கழிந்தால் அதன்மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிடுவார். பருவம் என்பது கடை மேசையில் மட்டும் இருப்பதில்லை என்பதை அந்த வேட்டியைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே, பாஸ்டன் மேசையில் நாளுக்கு நாள் விலை குறைந்த அந்த உடைகளைத் தைத்தவர்கள் யார் என்று தேடினேன்.

நிலவறைக்கு வந்தவை மேல்மாடியில் மிஞ்சியவை. பிறகு மற்றக் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் தேங்கியவை. அமெரிக்காவில் பெண்களின் ஆயத்த ஆடைக்குத் தலைநகரம் நியூயார்க். அங்கே ஷர்ட்வெயிஸ்ட் என்ற பெண்கள் மேற்சட்டை, ஆண்கள் சட்டைபோல் கழுத்துப்பட்டியும் பொத்தானும் வைத்தது, இலட்சக்கணக்கில் தைக்கப்பட்டது. தைத்தவர்கள் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த இளம்பெண்கள். பருவத்துக்கு முன் ஓயாத வேலை; பருவம் போனால் வேலையே இல்லை. ஊசிக்கும் நூலுக்கும் மெஷினை ஓட்டும் மின்சாரத்துக்கும் அவர்கள் கூலியிலிருந்தே பிடித்துக்கொண்ட தொழிற்சாலைகள் உண்டு. பைலீன் நிலவறையைத் திறந்த அதே 1909-இன் நவம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இருபதாயிரவர் எழுச்சி என்று வரலாறு சொல்கிறது. கூட்டத்தில் எழுந்து இத்திஷ் மொழியில் பேசி வேலைநிறுத்தத்துக்கு வழி திறந்தவர் கிளாரா லெம்லிக். யூக்ரேன் பகுதியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வயது 23. என் வயது.

பல தொழிற்சாலைகள் இறங்கிவந்தன: வாரத்துக்கு 52 மணி நேர வேலை, ஊசி நூல் முதலாளி செலவு. டிரையாங்கிள் என்ற தொழிற்சாலை சங்கத்தோடு ஒப்பந்தம் செய்ய மறுத்துவிட்டது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் வேளையில் அங்கே எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. வெட்டு மேசைகளுக்கு அடியில் குவிந்திருந்த மெல்லிய பருத்தித் துண்டுகள் அதை வளர்த்தன. ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது; போகும்போது பெண்கள் எதையும் திருடிச் செல்லாதபடி பைகளைச் சோதித்து அனுப்பும் ஏற்பாடாம். 146 பேர் மாண்டனர். உரிமையாளர் இருவரும் அவ்வாண்டு டிசம்பரில் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டனர்.

பாஸ்டன் நகரின் அந்த நிலவறை 2007-இல் மூடப்பட்டது. அதன் பெயரில் பல ஊர்களில் நடந்த கடைகளும் 2011-இல் முடிந்தன.

சென்ற ஞாயிறு தொலைபேசியில் இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். தீயைப் பற்றிக் கேட்டபோது பேசாமல் இருந்தார். வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் குறுக்கிட்டார்: "ஊசி நூலுக்கு அவங்களே காசு குடுத்தாங்களாப்பா?"

கொடுத்தார்கள் என்றேன். எங்கள் வீட்டில் ஊசியும் நூலும் மெஷின் ஓடும் மின்சாரமும் இன்றுவரை அம்மாவின் செலவு.