சுருக்குப்பைக்கு வேண்டாத பஞ்சு

கேள்வி: பஞ்சு வைத்துக் குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டிய சின்ன ஜிப் பை எங்கிருந்து வந்தது? சுருக்குப்பைக்கு இல்லாத பஞ்சு இதற்கு மட்டும் எதற்கு? போடி இலவம் பஞ்சை உள்ளே வைக்கலாமா?
- வாசகி, கெங்குவார்பட்டி

பதில்: பை ஒன்றுதான் என்றாலும் அதிலுள்ள தையலுக்கும் ஜிப்புக்கும் வயதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு துணிக்கு நடுவே எதையாவது பரப்பி, அது நகராமல் தையல் ஓட்டும் வழக்கத்துக்கு இன்னதுதான் பிறந்த ஊர் என்று காட்ட முடியாது. மங்கோலியாவின் நோயின் உலா கல்லறைகளில் கிடைத்த அப்படிப்பட்ட விரிப்பு சுமார் 2,000 ஆண்டுப் பழையது. நம்மூர் மெத்தைக்காரர் நீள ஊசியால் இடையிடையே குத்தி முடிச்சுப் போடுவதும் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்குத்தான். ஜிப்புக்கோ ஆண்டுக் கணக்கே இருக்கிறது. சிகாகோவின் விட்கோம்ப் ஜட்சன் 1893இல் காப்புரிமை வாங்கிய கொக்கி வரிசை சரியாக நிற்கவில்லை. ஸ்வீடனில் பிறந்த கிதியோன் சுண்ட்பேக் அமெரிக்காவில் அதைத் திருத்தி 1917இல் வாங்கிய காப்புரிமையில்தான் இன்றைய ஜிப்பின் வடிவம் இருக்கிறது. குட்ரிச் நிறுவனம் ரப்பர் காலணிகளில் வைத்து 1923இல் அதன் பெயரைப் பரப்பியது. ஆரம்பத்தில் ஜிப் வைத்த பொருள்களில் புகையிலைப் பையும் ஒன்று. அதே சரக்கை நம் பாட்டிமார் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்கள்!

பஞ்சு இந்தப் பைக்குள் நுழைந்தது அழகுக்காக அல்ல, வாயை மூடும் விதத்தால் என்பது என் கட்சி. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் முழுவதும் மடிப்பு மடிப்பாகக் கூட வேண்டும். அதற்குத் துணி மெல்லியதாக இருக்க வேண்டும். பஞ்சு வைத்த துணி கூடாது, திமிறிக்கொண்டு நிற்கும். ஜிப்புக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அதன் பட்டி நீளம் மாறாதது, ஓரம் நேராக நிற்க வேண்டும். ஒற்றைப் பருத்தித் துணியில் வைத்துத் தைத்துப் பாருங்கள்: மிஷினின் பல் அடித்துணியைத் தள்ள, மேலே அழுத்தும் ஃபுட் மேல்துணியைப் பிடித்துவைக்க, வாய் அலை அலையாகிவிடும். பிறகு ரன்னரை இழுக்கும்போதெல்லாம் பையும் கூடவே வரும். நடுவில் ஒரு படலம் வைத்துத் தையல் ஓட்டிவிட்டால் துணிக்கு முதுகெலும்பு வந்துவிடுகிறது.

‘தோல் பையும் ரெக்சின் பையும் பஞ்சில்லாமலே ஜிப்போடு இருக்கின்றனவே’ என்பீர்கள். அவற்றுக்கு விறைப்பு இயல்பிலேயே உண்டு. என் கட்சிக்கு அவையே சாட்சி. இதைவிட வலுவான மறுப்பு வங்காளத்திலிருந்து வரும். அங்கே பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் காந்தா வேலையில், துர்ஜனி என்ற கைப்பை உண்டு. சதுரத் துணியின் மூன்று மூலைகளை நடுவுக்கு மடித்து இணைத்து, நான்காவதை மூடியாக விட்டுவிடுவார்கள். ஜிப் கிடையாது, அடுக்குத் தையல் உண்டு. ஆகவே ஜிப்தான் தையலை அழைத்து வந்தது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். சுருக்கி மூடாத எந்தத் துணிப்பைக்கும், மூடியானாலும் ஜிப்பானாலும், விறைப்பு தேவைப்படுகிறது. அதைத் தர அடுக்குத் தையல் ஏற்கெனவே கைவசம் இருந்தது என்பதே சரி.

ஜிப் பையை வீட்டுத் தையலாக்கியது சுண்ட்பேக்கின் உலோகப் பல் அல்ல. அதன் மேல் தைத்தால் ஊசி முறியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய நைலான் சுருள் ஜிப்பை மீட்டர் கணக்கில் வாங்கி, ரன்னரைத் தனியாகக் கோத்து, வேண்டிய இடத்தில் கத்தரித்து, குறுக்கே தையலும் போடலாம்.

இலவம் பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். போடி, வருசநாட்டுப் பக்கத்துச் சரக்கு தலையணைக்கு அருமை, இதற்கு ஆகாது. அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. ஊசித் துளை வழியே வெளியே வரும், துவைத்தால் கட்டிதட்டும். பழைய ஃபிளானல் துணியோ, கடையில் விற்கும் பாலியெஸ்டர் பஞ்சுத் தாளோ போதும். தையல் ஓட்டினால் துணி சுருங்கும் என்பதால் அரை அங்குலம் பெரிதாக வெட்டி, ஓட்டி முடித்த பிறகு அளவுக்கு நறுக்குங்கள். ஜிப்பின் இரு முனையிலும் தையலுக்குள் போகும் பஞ்சை மட்டும் கத்தரித்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூலை புடைத்துக்கொண்டு நிற்கும்.