காமெட்டை எடைக்குப் போடும் முன்

சங்ககிரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. தோப்பில் நிற்கும் உங்கள் தாத்தா வண்டியை உடைக்கக் கொடுக்கப் போவதாக அக்கா சொன்னாள். பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் கிடைக்கும், அதைக் காட்டிப் புது வண்டி எடுத்தால் சாலை வரியில் 15 சதவீதம் வரை குறையும், தோப்பில் இடமும் மிச்சம் என்றாயாம். தொழில் செய்கிறவன் அப்படித்தான் கணக்குப் போட வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஏறாத சில விஷயங்கள் இருக்கின்றன. போனில் சொன்னால் ‘சரிங்க மாமா’ என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்.

அது என்ன வண்டி என்று உனக்குச் சரியாகத் தெரியுமா, கண்ணு? ‘பழைய லேலண்ட்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறாய். அது காமெட். 1948-இல் ரகுநந்தன் சரண் என்பவர் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்க அசோக் மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். அசோக் அவர் மகனின் பெயர். எண்ணூரில் ஆலை. பிறகு இங்கிலாந்து லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து லாரிப் பக்கம் திரும்பினார்கள். அப்படி அங்கே பூட்டியது காமெட் வண்டிகளைத்தான். 1955-இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆயிற்று. உங்கள் வண்டியின் எஞ்சின் 370 என்பார்கள். அது கன அங்குலக் கணக்கு. ஆறு சிலிண்டரும் சேர்ந்தால் ஏறக்குறைய ஆறு லிட்டர் வரும். இழுவை சுமார் 110 குதிரைத்திறன். உன் புது வண்டிகள் அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். ஆனால் அந்த 110-ஐ வைத்துக்கொண்டுதான் இந்தச் சங்ககிரிக்காரர்களும் நாமக்கல்காரர்களும் பம்பாய், கல்கத்தா என்று ஓட்டி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

அன்றைக்கு ஒரு சேசிஸ் கைக்கு வருவதே பெரும்பாடு. பணம் கட்டிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். முறை வந்தாலும் கம்பெனி கொடுப்பது எஞ்சின், சட்டம், சக்கரம், ஸ்டியரிங் இவ்வளவுதான். கேபின் கிடையாது. டிரைவர் ஒரு மரப்பெட்டியைப் போட்டு வெட்டவெளியில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு எண்ணூரிலிருந்து வெயிலிலும் தூசியிலும் ஓட்டி வருவார். உங்கள் தாத்தா அந்த வண்டியை அப்படித்தான் கொண்டுவந்தார். திருச்செங்கோட்டில் ஆசாரிமார் மரத்தில் கேபின் கட்டினார்கள். வரைபடம் எதுவும் இல்லை. முழக்கோலும் கண்ணும்தான். எந்த உயரத்தில் சீட் இருந்தால் உங்கள் தாத்தாவின் கால் கிளட்சுக்குச் சரியாக எட்டும் என்று அவரையே உட்கார வைத்துப் பார்த்துப் பலகை அடித்தார்கள். அதனால் அந்தக் காலத்து லாரிகளில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இன்றைக்கு அதே மாதிரி ஒரு மரக் கேபின் கட்டித் தா என்று கேட்டால், கட்டத் தெரிந்த கைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கட்டி முடித்து, நாமக்கல் ஆஞ்சநேயர் கோயில் முன் நிறுத்திப் பூஜை போட்ட பிறகுதான் முதல் லோடு. நான் கிளீனராக ஏறியது அந்த வண்டியில்தான்.

டாட்டாவைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 1954-இல் அவர்கள் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தார்கள். 1969-இல் அந்த ஒப்பந்தம் முடியும்வரை வண்டி முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. மூக்கு நீண்ட 1210 அழகான வண்டி. பெயரிலேயே விவரம் இருக்கும்: 12 டன் மொத்த எடை, 100 குதிரைத்திறன். ஆரம்பகால டாட்டா எஞ்சினுக்குக் குளிர்ந்த காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். லேலண்ட் நேராகக் கிளம்பும். இரண்டு கட்சிக்காரர்களும் டீக்கடையில் விடிய விடியச் சண்டை போடுவார்கள். நான் அன்றும் இன்றும் லேலண்ட் கட்சி.

இந்த வண்டிகள்மேல் எனக்கு ஏன் இத்தனை ஆசை என்று உன் தலைமுறை கேட்கும். அவற்றை ஓட்ட ஆள் முழுசாக வேண்டும், அதுதான் காரணம். காமெட்டின் கியரை நினைத்தபோது மாற்ற முடியாது. கீழ் கியருக்கு இறக்க வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை அளவாகக் கொடுத்து எஞ்சின் சுற்றை ஏற்றி, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்பது இதுதான். சுற்று கொஞ்சம் குறைந்தாலும் கூடினாலும் பல்லோடு பல் கடித்து, பின்னால் தார்ப்பாய்மேல் படுத்திருக்கிற கிளீனர்கூட எழுந்துவிடுவான். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எந்த மீட்டரும் காட்டாது. காதில் கேட்க வேண்டும், பாதத்தில் உணர வேண்டும். லோடு எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு, காற்று எதிரா என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் இருக்கும். டீசல் வரத்தில் காற்று அடைத்து வண்டி நின்றால் ஸ்பேனரை எடுத்து ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி அழுத்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை விட்டு, பிறகு மைக்கோ டீசல் பம்ப், அதன் பிறகு இன்ஜெக்டர் நட் என்று வரிசையாக நாமே சரிசெய்வோம். வண்டிக்குள் நடப்பது ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். சொந்தக்காரர்களுக்கு உடம்பில் நோவு வந்தால் எங்கே நோவு என்று நாம் அறிவது மாதிரி, அந்த வண்டியை அறிந்திருந்தோம்.

புது வண்டிகளைக் குறை சொல்வதாக நினைக்காதே. 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ் 6 வண்டிகளின் புகையையும் காமெட் கக்கிய புகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான். ரோட்டோரம் குடியிருக்கிற குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய நல்லது! பழைய வண்டியில் எஞ்சின் நம் இடது காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சித்திரையில் கால் வெந்துவிடும். பவர் ஸ்டியரிங் இல்லாமல் திருப்பித் திருப்பித் தோள்பட்டை போன டிரைவர்கள் எத்தனை பேர்! மரக் கேபினுக்கு ஒரு மோதலைத் தாங்குகிற வலு கிடையாது. 2025 அக்டோபர் 1 முதல் செய்யப்படும் லாரிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆக வேண்டும் என்று அரசு விதி போட்டபோது, இது எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைக்கவில்லை. உன் டிரைவர்களுக்காவது கிடைத்ததே என்று மனசு நிறைந்தது. அதனால் பாசத்தில் காமெட்டைக் கொண்டுபோய் லோடு அடிக்க விடாதே. அது தன் பாடுபட்டு முடித்த வண்டி.

ஆனால் தொப்பூரை நினைத்துப் பார். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் கணவாயில் இன்றைக்கும் லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகிற கார்களை நசுக்குகின்றன. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும், இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்தே வருவதும் அதற்குப் பெரிய காரணங்கள். தொடர்ந்து மிதித்தால் லைனிங் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது எங்கள் காலத்துப் பாடம். காமெட்டில் அதை மீறினால், ஓடுகிற ஓட்டத்தில் மறுபடி கியர் விழவே விழாது. ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே முடிவெடுத்துவிடுவோம். இன்றைய வண்டியில் எல்லாம் சுலபமாக நடப்பதால் அந்தப் பயம் பையன்களுக்குப் போய்விட்டது. உன் டிரைவர்கள் காமெட்டின் சீட்டில் உட்கார்ந்து தோப்புப் பாதையில் கியர் மாற்றிப் பழகட்டும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது என்றால் என்ன என்று அவர்கள் உடம்பிலேயே தெரியும். இதற்காகவே அந்த வண்டி இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. 2021-இல் பழம்பெரும் வாகனங்களைக் காக்க மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட, உருமாறாத வாகனத்துக்குத் தனி அந்தஸ்து. ஆனால் அது இருசக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும் மட்டும்தான். லாரிக்கு இல்லை. ஒரு பணக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய கார் பாரம்பரியம். ஊருக்கெல்லாம் அரிசியும் சிமெண்டும் சுமந்த லாரி எடைக்குப் போடும் இரும்பு. இதை எப்படி ஏற்பது? ஹரியானாவில் தாவ்ருவில் ஒரு போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே லாரிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரில் இருப்பது கார்களுக்கான அருங்காட்சியகம். லாரியால் வாழ்ந்த நம் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் ஒரு பழைய லாரியைக் காட்சிக்கு நிறுத்தியவரை நான் பார்க்கவில்லை. நீ செய்யலாம். உன் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் முன்னால் அதற்கு இடம் இருக்கிறது.

செய்வதென்றால் ஒழுங்காகச் செய். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் அந்த வண்டியின் பேப்பர் என்ன நிலையில் இருக்கிறது, பாக்கி வரி எவ்வளவு என்று பார்த்து, ரோட்டில் ஓடாத வண்டி என்பதை முறைப்படி எழுதிக் கொடு. வேலை முடியும்வரை அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்து டயரிலிருந்து எடையை எடு. கேபினின் அடிப்பலகையைப் பெயர்த்துக் கறையான் ஏறியிருக்கிறதா பார். ஏறியிருந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்று, முழுக் கேபினையும் பிரிக்காதே. பெயிண்ட் அடிக்க வருகிறவன் மெட்டாலிக் சிவப்பு, எல்இடி சரம் என்று ஆசை காட்டுவான். வேண்டாம். நேஷனல் பெர்மிட் வண்டி காய்ந்த சருகின் பழுப்பில், வெள்ளைப் பட்டையோடு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருந்தது. அந்தப் பழுப்பு இன்னும் கதவில் மிச்சமிருக்கிறது. சுரண்டுவதற்கு முன் பக்கப் பலகையில் கையால் எழுதிய எழுத்துக்களைப் போட்டோ எடுத்துக்கொள். சுலபமாகக் கிடைக்கிறதென்று புது எஞ்சினைத் தூக்கி வைத்துவிடாதே. 370 இல்லாவிட்டால் அது உங்கள் தாத்தாவின் காமெட் இல்லை.

யார் என்ன சொன்னாலும் செல்ஃப் அடித்துப் பார்க்கக் கூடாது. இத்தனை வருஷம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருக்கும்; பேட்டரி போட்டு முறுக்கினால் உள்ளே உடையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்ற வேண்டும். டாங்கில் கிடக்கும் பழைய டீசலை வடித்துவிடு. டீசல் பம்பில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதே, அதற்கு எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் ஈரோட்டில் இருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு அமாவாசை கழித்து வருகிறேன். அதற்குள் நீ கட்டை கொடுக்கிற வேலையை முடித்து வை. உன் டிரைவர்களில் சின்னப் பையன்கள் இரண்டு பேரையும் அன்றைக்கு லோடு அனுப்பாமல் நிறுத்திக்கொள்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

உன் மாமன்